வாப்பா மாற்றிய எஞ்சின்

1

ஒரு கார்க் கம்பெனி மூடப்படும்போது கேக் வெட்டுவார்கள் என்பது இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் கார் உருவத்தில் செய்த கேக். சில்லுகளுக்குச் சொக்லேட் பிஸ்கட், முன்விளக்குகளுக்குச் சீனி உருண்டை. அந்தக் காரின் ரசிகர் கழகத் தலைவர் பொனட்டில் கத்தியை வைத்ததும் சுற்றி நின்ற கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் கேக்கில் ஒரு துண்டைக்கூட நான் வாயில் வைக்கவில்லை.

வெல்ட்டன் என்ற அந்தக் காரின் பெயர் இலங்கையில் அம்பாறைக் கரையோரத்தில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஞாபகமிருக்கும். கல்முனைச் சந்தையடியில் வாடகைக்கு வரிசையாக நின்ற ஹயர் கார்களில் பாதி வெல்ட்டன்தான். அந்தக் காரைச் செய்த தொழிற்சாலை, நான் இப்போது குடியிருக்கும் இதே ஊரில்தான் இருந்தது. நான் அதற்காக இங்கே வரவில்லை. வேலை கிடைத்த இடத்தில் வந்து விழுந்தேன், பிறகுதான் தெரிந்தது. தொழிற்சாலை நின்ற இடத்தில் இப்போது ஒரு பெரிய பலசரக்குக் கடை. என் மனைவி அங்கேதான் வெங்காயம் வாங்குகிறாள்.

கம்பெனி ஆள் மாறி ஆள் மாறி, கடைசியில் எந்த நாட்டுக்காரன் கையில் இருக்கிறது என்று இங்கே யாருக்குமே சரியாகத் தெரியாது. இந்த வருஷம் அந்தப் பெயரில் கார் செய்வதையும் நிறுத்திவிட்டார்கள். ஊரில் மிஞ்சியிருந்த ஒரே விற்பனைக்கூடத்தையும் மூடுகிறார்கள். மூடுவதற்கு முன்னால் ஒரு கடைசிக் கூட்டம் வைத்து, வெல்ட்டன் ஓட்டிய சாரதிகள் எல்லோரும் வந்து இனிய நினைவுகளைச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். இனிய நினைவுகள் மட்டும். அழைப்பிலேயே அப்படித்தான் போட்டிருந்தது.

என்னை இதற்குள் இழுத்துவிட்டது என் மகள் ஹஸ்னா. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஊரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று நான்கு விடுமுறைகளும், தொலைபேசிக்குள் வந்து போகும் சாச்சாவின், அதாவது என் தம்பியின், முகமும்தான். "என் தந்தை இலங்கையில் வெல்ட்டன் ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் ஒரு வெல்ட்டன் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது" என்று அவள் என் பெயரில் எழுதி அனுப்பியிருக்கிறாள். கழகக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. இங்கிலாந்தில் இருக்கும் வெல்ட்டன்கள் எல்லாம் போர்வைக்குக் கீழே தூங்குகின்றன. ஓடும் வண்டி, அதுவும் ஹயருக்கு ஓடும் வண்டி, உலகத்தில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பதில் போட்டார்கள். அந்தக் காரை விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்து, ஊர் நூதனசாலையில் காட்சிக்கு வைக்கலாமா என்றும் கேட்டார்கள்.

"வாப்பா, அவங்க ரொம்ப எக்சைட்டடா இருக்காங்க. நீங்க வந்து கதைச்சா மட்டும் போதும்" என்றாள் மகள்.

நான் சம்மதித்தேன். கல்முனையில் என் தம்பி றவூப் அந்தக் காரை என்ன செய்யப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

2

அதற்கு ஒரு கிழமை முன்னால்தான் றவூப் பேசினான். நான் காலை வேலை முடித்து வேனுக்குள் இருந்தேன். கவுன்சில் ஒப்பந்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. இந்த வேலைக்கு ஒவ்வொரு முறையும் கண் பரிசோதனை, பொலிஸ் சான்றிதழ், ஆங்கிலச் சோதனை என்று என்னை உரித்துப் பார்ப்பார்கள். ஊரில் லைசன்ஸ் எடுக்கப் போனபோது அம்பாறைக் கந்தோரில் சிங்களத்தில் ஒரு படிவத்தைத் தந்தார்கள், யாரோ சொல்லச் சொல்லக் கையெழுத்துப் போட்டேன். உனக்கு வாகனம் ஓட்டத் தெரியுமா என்று என் மொழியில் என்னிடம் இதுவரை எந்தக் கந்தோரும் கேட்டதில்லை.

"காக்கா, கார விக்கப் போறன்" என்றான் றவூப். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

"ஆருக்கு?"

"அறுகம்பேயில கெஸ்ட் ஹவுஸ் வச்சிரிக்கிற ஒரு பொடியன். நடுவால வெட்டி, முன்பாதிய மணலுக்க நிறுத்தி, பொனட்டுக்கு மேல கண்ணாடி போட்டு மேசையாக்கப் போறானாம். கடல் அலையில சேர்ப் அடிக்க வாற வெள்ளக்காரனுகள் அதுல கைய ஊண்டிட்டு நிண்டு குடிப்பானுகளாம்."

"என்னத்தக் குடிக்கிற?"

"ஜூஸ் எண்டுதான் சொன்னான். நான் துருவிக் கேக்கல்ல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அறுகம்பேயில் என்ன குடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? "நம்முட உம்மாட மையித்து வந்த கார்டா அது" என்றேன். உம்மாவின் உடல் வீட்டுக்கு வந்தது அதில்தான்.

"அதுக்குத்தான் காக்கா விக்கிறன். நீங்க அங்க இரிந்திட்டு ஆசையாப் படம் அனுப்பு எண்டு கேப்பீங்க. நான் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவத் துறந்து ஏறணும். அந்த மனிசன் செஞ்ச வேலைய நான் மறக்கேலாமக் கிடக்கு."

அந்த மனிசன் என்று அவன் சொன்னது எங்கள் வாப்பாவை. வாப்பா மௌத்தாகி எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவர் உயிரோடு இருந்தபோதும் இவன் அப்படித்தான் சொன்னான். நேரே பார்த்தால் சலாமுக்குப் பதில் சொல்வான், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஒரே வீட்டு வளவுக்குள் இருந்துகொண்டு, ஒரே காரை முறை வைத்து ஓட்டிக்கொண்டு, இரண்டு ஆண்கள் அப்படி வாழ்ந்தார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதே எனக்கு வெறுத்துப்போகும்.

ஆகவே நூதனசாலைக்காரர்கள் கேட்டதும் எனக்கு அது நல்ல வழியாகப் பட்டது. றவூப்பின் கண்ணில் படாமல் கார் போய்விடும். குடிகாரர்களின் முழங்கையும் அதில் படாது. கழகக்காரர்களோடு வீடியோவில் ஒருதரம் காரைக் காட்டும்வரை பொறுத்திரு என்று அவனைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

3

உம்மா மௌத்தான நாளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இனிய நினைவு கேட்டவர்களுக்கு நான் சொல்லாதது அதுதான்.

வாப்பா அந்த வெல்ட்டனை நுவரெலியாவில் ஒரு தோட்டத்து டொக்டரிடமிருந்து வாங்கி வந்தார். மற்ற வெல்ட்டன்களின் ஸ்டீயரிங் கறுப்பு. எங்களுடையது பால் வெள்ளை. சந்தையடியில் அதைத் தொட்டுப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். கல்முனைச் சாரதிகளுக்கு வெல்ட்டனில் பிடித்த விஷயம் வேறொன்று. அதன் இடப்பக்க முன் சீட்டை இரண்டு நட்டைக் கழற்றினால் முழுதாக வெளியே எடுத்துவிடலாம். பிறகு டாஷ்போர்ட்டிலிருந்து பின்கண்ணாடி வரைக்கும் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்க இடம் கிடைக்கும். நோயாளியைப் படுக்க வைத்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், மௌத்தானால் அதே காரில் திருப்பிக் கொண்டுவருவதும் அப்படித்தான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அம்புலன்ஸ் எங்கே இருந்தது? ஒரு கார் சீட்டில்லாமல் தெருவுக்குள் வந்தால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். உள்ளே ஆர், உயிரோடா இல்லையா என்று தெரியாமலே எழுந்து நிற்பார்கள்.

எங்கள் காரில் ஒரு குறை இருந்தது. தண்ணீர் கொதிக்கும். மற்ற வெல்ட்டன்கள் கல்முனையில் புறப்பட்டால் மட்டக்களப்பில்தான் நிற்கும். எங்களுடையது களுவாஞ்சிக்குடிக்குள் ஒருதரமாவது பொனட்டைத் திறக்க வைக்கும். ஸ்டாண்டில் வாப்பாவைப் பகிடி பண்ணுவார்கள். "காக்காட காருக்கு ஒளுச் செய்யத் தண்ணி வேணுமாம்" என்பார்கள், ஏதோ அதுவும் தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது போல. வாப்பா சிரித்துக்கொள்வார். ஒவ்வொரு நாளும் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்புவார். டிக்கிக்குள் ஒரு கேன் தண்ணீரும் இருக்கும்.

உம்மாவுக்கு நாலாவது பிள்ளை வயிற்றில். ஒரு நாள் பகல் திடீரென்று இரத்தம் போகத் தொடங்கியது, நிற்கவில்லை. வாப்பா சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு உம்மாவைக் காருக்குள் கிடத்தினார். றவூப் உம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். அவனுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. நான் சம்மாந்துறைப் பக்கம் வயலில் நெற்கதிர்ச் சூடு மிதிப்புக்குப் போயிருந்தேன்.

நடுப்பகல் வெயில். வாப்பா வண்டியை விரட்டியிருக்கிறார். கல்லாற்றுப் பாலம் தாண்டியதும் கார் நின்றுவிட்டது. பொனட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கேன் தண்ணீரை ஊற்றியும் இறுகிப்போன எஞ்சின் அசையவில்லை. வேறு ஒரு கார் வந்து உம்மாவை ஏற்றிக்கொண்டு போகும்போது காலம் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலை அடையும்போது உம்மா உயிரோடு இல்லை.

அன்று பொழுதுபட, எஞ்சின் ஆறிய பிறகு கல்லாற்றிலிருந்து எடுத்துப் போன அதே வெல்ட்டனில்தான் வாப்பா உம்மாவைக் கொண்டுவந்தார். கடல் காற்று வீசியது, வெறும் தெருவில் மெதுவாக ஓட்டினார், கார் கொதிக்கவே இல்லை. றவூப் அதையும் பார்த்தான்.

"தண்ணி ஊத்தல்லயா வாப்பா?" என்று அவன் எல்லோர் முன்னாலும் கேட்டான். "ஊத்தினன் மகன்" என்றார் வாப்பா. உம்மாவுக்காகக் கத்தம் ஓத வந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். மற்ற ஆட்களின் வெல்ட்டன்கள் போகும் தூரம் இவருடைய வெல்ட்டன் மட்டும் ஏன் போகவில்லை? நாளடைவில் வாப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் என்னிடம் கேட்டார், "நான் அண்டைக்கு ஊத்தினனா மகன்? நெனவில்ல" என்று. நான் என்ன சொல்வது? நான் அந்தக் காலையில் வீட்டில் இருக்கவில்லை.

ஒரு துண்டு வயற்காணியை விற்று, கொழும்பிலிருந்து ஜப்பான் வேன் ஒன்றின் பழைய டீசல் எஞ்சினை அதன் ரேடியேட்டரோடு வாங்கி வந்து காருக்குப் பொருத்தினார். அதற்குப் பிறகு அது ஒரு நாளும் கொதிக்கவில்லை. நான் சாரதியானதும், ஓட்டிப் பிழைத்ததும், அந்த எஞ்சினில்தான். றவூப் அதையும் வாப்பாவுக்கு எதிராகவே வைத்துக்கொண்டான். முதலே மாற்றியிருக்கலாம்தானே என்பான்.

4

இப்போது கேக் வெட்டிய கூட்டத்துக்குத் திரும்புகிறேன். ஒவ்வொருவராக எழுந்து நினைவு சொன்னார்கள். ஒருவர் வெல்ட்டனின் பின்சீட்டில் தன் மனைவியை முதல்முதலில் முத்தமிட்டாராம். இன்னொருவர் தன் நாய்க்கு அந்தக் காரின் பெயரை வைத்தாராம். காரின் தோல் மணத்தைப் பற்றி ஒருவர் சொல்லிச் சொல்லி அழுதார். பத்துப் பதினைந்து வருஷமாக ஒருவரும் அந்தக் கம்பெனியின் காரை வாங்கவில்லை, அதனால்தான் அது சாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்காதவர்கள் அழுகிறார்கள், விற்றுத் தின்றவர்கள் கேக் பரிமாறுகிறார்கள். எனக்கு அங்கிருந்து எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

என் முறை வந்ததும், ஹஸ்னா எழுதித் தந்ததை வாசித்தேன். கடற்கரை, தென்னை, திருமண ஊர்வலம், முன் சீட்டைக் கழற்றி வைத்து மாப்பிள்ளைக்குப் பூக்கூடை ஏற்றியது. நாங்கள் ஒரு நாளும் மாப்பிள்ளைக்குப் பூக்கூடை ஏற்றியதில்லை. அவளாக எழுதியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு ஹஸ்னா தொலைபேசியைச் சுவரிலிருந்த பெரிய திரையோடு இணைத்தாள். திரையில் றவூப் வந்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் வளவில், காருக்குப் பக்கத்தில் நின்றான். கிழவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நீலமும் வெள்ளையுமான அந்த உடம்பு, முகப்பில் மினுக்கிய பெயர்ப்பட்டை, கீறல் விழாத கண்ணாடி. தலைவர் என் தோளில் கையைப் போட்டார்.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்றாங்க சாச்சா" என்றாள் ஹஸ்னா.

றவூப் கதவைத் திறந்து, வெள்ளை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறி, ஸ்டார்ட் செய்தான். டீசல் எஞ்சினின் தடதடப்பு அறை முழுக்க நிறைந்தது. கிழவர்களின் முகத்தில் ஒரு குழப்பம். வெல்ட்டன் டீசல் எஞ்சினே செய்ததில்லையாம். எனக்கு அப்போதும் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் எஞ்சின் மாற்றுவது சட்டை மாற்றுவது மாதிரி. உடம்பில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் கார். கல்முனையில் ஓடிய வெல்ட்டன்களில் பாதியின் வயிற்றுக்குள் ஜப்பான்காரன்தான் இருந்தான். அதை ஒருவரும் மறைத்ததில்லை, மறைக்க வேண்டிய விஷயம் என்றும் நினைத்ததில்லை.

"பொனட்ட தொறந்து காட்டட்டா காக்கா?" என்று கேட்டுவிட்டு, அவனே திறந்தும் காட்டினான். மினுக்கி வைத்திருந்தான். எஞ்சினின் மேல்மூடியில் ஜப்பான் கம்பெனியின் பெயர் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. "கியர் பெட்டி லொறியொண்டுட. பிரேக் வேற காரில கழட்டினது. நல்லாப் புடிக்கும்" என்று பெருமையாகச் சொன்னான். ஹஸ்னா எல்லாவற்றையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள்.

அறையில் யாரோ வாய்விட்டு முனகினார். தோலின் மணத்துக்கு அழுதவர் திரும்பிக்கொண்டார். தலைவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"மன்னிக்க வேண்டும், இது வெல்ட்டன் இல்லை" என்றார். "இது வெல்ட்டனுக்குச் செய்யப்பட்ட ஒரு... எப்படிச் சொல்வது, அவமரியாதை. நூதனசாலையில் இதை வைக்க முடியாது."

ஆஸ்பத்திரிக்கும் மையித்து அடக்கும் மையவாடிக்கும் ஓடியே தேய்ந்த கார் இவர்களுக்கு அவமரியாதையாம். போர்வைக்குக் கீழே தூங்கும் வண்டிதான் வெல்ட்டனாம். ஹஸ்னா திரையை அணைத்தாள். றவூப்புக்கு எதுவும் புரிந்திருக்காது, பொனட்டை மூடிக்கொண்டிருந்தான்.

5

அப்போதுதான் கொலின் என்ற கிழவர் சிரித்தார். எண்பது வயது தாண்டியவர். இளம் வயதில் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். கையில் தேநீர்க் கோப்பையோடு என்னிடம் வந்தார்.

"அவர்கள் பேச்சை விடுங்கள்" என்றார். "உங்கள் ஆட்கள் செய்தது சரி. அந்த வெள்ளை ஸ்டீயரிங்கைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை ஸ்டீயரிங் போட்டது ஒரே ஒரு தொகுதிக்குத்தான். வெளிநாட்டுக்கு அனுப்பிய தொகுதிகளில் ஒன்று."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தன்னுடைய இனிய நினைவைச் சொன்னார்.

வெப்பமான நாடுகளுக்குப் போகும் கார்களுக்குப் பெரிய ரேடியேட்டர் போட வேண்டும் என்பது விதியாம். அந்தத் தொகுதி செய்யும்போது பெரிய ரேடியேட்டர் தீர்ந்துவிட்டது. சின்னக் கார் ஒன்றுக்காக வாங்கிய ரேடியேட்டர்கள் களஞ்சியத்தில் மிஞ்சிக் கிடந்தன. மேற்பார்வையாளர் அவற்றைப் போட்டு அனுப்பச் சொன்னார். மூடியும் அளவும் வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்குமாம், உள்ளே பாதிதான் பிடிக்குமாம். வெயிலில் பாரத்தோடு ஓடினால் கொதித்துப் பறந்துவிடும் என்று அந்த வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியுமாம். "நாங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டோம். அவர் சொன்னார், அங்கேதான் மழை நிறையப் பெய்கிறதே, ஊற்றிக்கொள்வார்கள் என்று." கொலினுக்குச் சிரித்துச் சிரித்துக் கோப்பை ததும்பியது. பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். இந்தக் கதையை அவர்கள் ஏற்கெனவே பலதரம் கேட்டவர்கள் என்று தெரிந்தது.

"இதை ஒருவரிடமும் நீங்கள் சொல்லவில்லையா?" என்று கேட்டேன்.

"ஒருவரும் கேட்கவில்லையே" என்றார் கொலின்.

எனக்கு அவர் முகத்தில் அந்தத் தேநீரை ஊற்ற வேண்டும் போலிருந்தது. ஊற்றவில்லை. இந்த நாட்டில் வாழ்ந்து வாழ்ந்து எனக்குச் சிரித்த முகம் பழகிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். நன்றி சொன்ன வாயை நினைத்தால் இன்றும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

காருக்குள் ஏறியதும் ஹஸ்னா, "வாப்பா, நீங்க ஏன் இப்டி இரிக்கீங்க?" என்றாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் என் உம்மா, அவளுடைய வாப்பும்மா, ஏதோ நோயில் மௌத்தானார் என்பது மட்டுமே. கல்லாற்றுப் பாலத்தையும், தண்ணீரையும், வாப்பாவையும் றவூப்பையும் பற்றி முதல்முறையாக அவளுக்குச் சொன்னேன். பிறகு, "நான் பூக்கூடை எண்டு எழுதிட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். இத்தனை வருஷமும் நான் அவளிடம் சொல்லாமல் விட்டதை அவள் பூக்கூடையால் நிரப்பிவிட்டாள், அவளில் என்ன பிழை?

இந்த ஊர்ப் பிள்ளையல்லவா, அவள் சும்மா இருக்கவில்லை. பெயரின் இப்போதைய சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. உங்கள் இனிய நினைவைப் பகிர்ந்ததற்கு நன்றி, தெரிவுசெய்யப்பட்ட நினைவுகளுக்கு ஒரு சாவிக்கோர்வை பரிசாக அனுப்பப்படும் என்று இருந்தது. மெஷின் எழுதிய பதில். மனிதன் எழுதிய பதில் ஒன்று வரும் என்று ஹஸ்னா சில நாள் காத்திருந்தாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

6

றவூப்புக்குச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. வாப்பாவை முப்பது நாற்பது வருஷம் வெறுத்த ஒருவனிடம் போய், உன் வெறுப்புக்குக் காரணமே இல்லை என்று சொல்வது சின்ன விஷயமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பான் என்று கணக்குப் பார்த்து எடுத்தேன். கொலின் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"அந்த ஆள் சிரிச்சிட்டா சொன்னான்?" என்று மட்டும் கேட்டான்.

"ஓம். சிரிச்சிட்டுத்தான்."

"நாம தொறந்து பாக்கக்குள்ள உள்ளுக்கு ஒண்டும் இருக்கல்லயே காக்கா."

"கொதிச்சிப் பறந்திரிக்கிடா. காலையில விளிம்பு மட்டும் ஊத்தினாலும் அது பாதிதான் புடிக்கிற. அந்த வெயிலுக்கு, அந்த ஓட்டத்துக்கு, கல்லாறு மட்டும்தான் தாங்கும்."

அவனுடைய வளவில் கோழி கத்துவது கேட்டது.

"அப்ப வாப்பா ஊத்தினவரு" என்றான்.

உம்மாவை அடக்கிய நாளிலிருந்து அவன் வாயில் வாப்பா என்ற சொல்லை நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "வித்துப் போடு அத" என்றேன். "வெட்டட்டும். எவனும் மேல கைய வச்சிக் குடிக்கட்டும். வெல்ட்டன் எண்ட பேரக் கேட்டாலே எனக்குக் கொமட்டுது. நீ சொன்னதுதான் சரி."

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். பிறகு எடுக்கவும் இல்லை. நான் எடுத்தாலும் பதிலில்லை. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனுக்குள் இருந்து முயன்று பார்ப்பேன்.

ஒரு கிழமை கழித்து அவனாகவே எடுத்தான்.

"கார் பெயித்து காக்கா. அறுகம்பேப் பொடியன் லொறி கொண்டாந்து ஏத்திட்டுப் போனான்."

"சரி. நல்லம்."

"எஞ்சினக் கழட்டிட்டுத்தான் குடுத்தன். ரேடியேட்டரும். பொடியனுக்குப் புடிக்கல்ல. எஞ்சின் இல்லாத கார் எனக்கு என்னத்துக்கு எண்டான். குடிக்கிறதுக்கு எஞ்சின் என்னத்துக்குத் தம்பி எண்டு கேட்டன். விலையக் கொறச்சிட்டு எடுத்துட்டுப் போனான்."

"அத வச்சி என்ன செய்யப் போறாய்? வயலுக்குத் தண்ணி இறைக்கவா?"

"ஒண்டும் செய்யல்ல. வளவுக்க ரெண்டு மரக்குத்தியப் போட்டு மேல வச்சிரிக்கன். வெல்ட்டன்காரனுகள்ட சாமான் அவனுகளோட போகட்டும். இது வாப்பா வாங்கிப் போட்டது."

பேச்சுக்குப் பின்னால் அந்தத் தடதடப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் பக்கத்து வீட்டில் ஏதோ மெஷின் ஓடுகிறது என்று நினைத்தேன்.

"ஸ்டாட் பண்ணி வச்சிரிக்கியா?"

"ஓம் காக்கா. பகல் ளுஹர் தொழுதிட்டு வந்து போட்டன்."

"வெயில்தானே. கொதிக்கல்லயா?"

"இல்ல" என்றான் றவூப். "கைய வச்சிட்டுத்தான் இரிக்கன்."